செலவில் மிஞ்சுதல்

வார இறுதிகளில் நான் சொற்களுக்குப் பொருள் எழுதுகிறேன். கைபேசியில் பார்க்கும் ஆங்கிலம் – தமிழ் அகராதி ஒன்றுக்காக வாரம் நாற்பது சொற்கள் மின்னஞ்சலில் வரும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் எழுத வேண்டும். பிறகு, அந்தச் சொல் எப்படி வழங்குகிறது என்று காட்ட இரண்டு வாக்கியங்கள். மற்ற நாட்களில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வீடு எலப்புள்ளியில்.

போன தை மாதம் வந்த பட்டியலில் 'அவுட்ஸ்பெண்ட்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. போட்டியில் இருக்கும் இன்னொருவரைவிட அதிகமாகச் செலவழிப்பது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த கணவரிடம் போய்க் கேட்டேன். அவர் இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு.

"ஏங்க, எலெக்ஷன்ல ஒருத்தன் இன்னொருத்தன விட அதிகமா செலவழிச்சா உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?"

"காசுல அடிச்சுப் போட்டான்னு சொல்லுவோம். அதுக்கென்ன இப்போ?"

அகராதியில் அடிப்பதை எழுத முடியாது. யோசித்து 'செலவில் மிஞ்சு' என்று போட்டேன். மிஞ்சுவது என்றால் மீதமாவது என்றும் பொருள் உண்டு, அதனால் முன்னால் 'செலவில்' இல்லாமல் தனியாக எழுதக் கூடாது என்று குறிப்பும் சேர்த்தேன். முதல் வாக்கியம்: 'விளம்பரச் செலவில் பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்தை மிஞ்சியது.' இரண்டாவது வாக்கியம் யோசிக்காமலே வந்தது: 'அண்ணன் செலவில் தங்கையை மிஞ்சினான்.' எழுதிவிட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டுக் கதை அது.

என் அப்பாவும் அம்மாவும் மூணாற்றில் தேயிலை எஸ்டேட் தொழிலாளிகள். நானும் அண்ணனும் பிறந்தது, தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த லயத்து வீட்டில். அப்பா இறந்து, அம்மா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அண்ணன் முதல் ஜீப்பை வாங்கினான். இன்று மூன்று ஜீப்புகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. மூணாறு பஜாருக்கு மேலே சொந்த வீடு கட்டி அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான். நான் பாலக்காட்டுப் பக்கம் வேலைக்கு வந்து, இங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டேன். அம்மாவைப் பார்ப்பது மகன்தான், மகள் தூரத்தில் இருந்து போனில் விசாரிப்பவள் என்று உறவில் யாரோ சொன்னது என் காதுக்கு வந்தது. அங்கே தொடங்கியது எல்லாம்.

குளிருக்கு அறைச் சூடேற்றி ஒன்று அனுப்பினேன். அடுத்த மாதமே அண்ணன் அம்மா அறையை ஒட்டிச் சுடுதண்ணீர்க் குழாயோடு குளியலறை கட்டினான். நான் ஒரு பவுனில் சங்கிலி போட்டேன். அவன் இரண்டு பவுனில் வளையல் போட்டான். நான் வாடகைக் காரில் திருச்செந்தூர் கூட்டிப் போய் வந்தேன். அவன் கொச்சியிலிருந்து விமானத்தில் காசிக்கு அழைத்துப் போனான். விமானத்து ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருக்கும் படத்தை மதினி குடும்பக் குழுவில் போட்டாள். அதைப் பார்த்து நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கோயமுத்தூரில் முழு உடல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, ரத்தம் எடுக்கும் படத்தை நானும் போட்டேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

அம்மா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சூடேற்றி வந்ததும் போட்டு அதன் முன்னால் நின்றாள். விமானத்தில் ஏற்றியதும் ஏறினாள். ஊசிக்குக் கை நீட்டினாள்.

அந்த மாசியில் எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மூணாற்றுக்கு இரண்டு நாள் சுற்றுலா கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாறு காட்டைத் தாண்டி, மறையூர் ஏறி, அங்கிருந்து மூணாறு. மாலையில் எல்லோரும் ஓட்டலுக்குப் போன பிறகு நான் மட்டும் சொல்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்பதாகத் திட்டம். பையில் அம்மாவுக்கு ஒரு காஷ்மீர் சால்வை இருந்தது. வழியெல்லாம் பக்கத்து இருக்கைத் தோழியிடம் அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் அவளை எப்படி வைத்திருக்கிறோம், காசிப் பயணம், பரிசோதனை எல்லாம் சொன்னேன். "உங்க அம்மா கொடுத்து வச்சவங்க" என்றாள் தோழி.

மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். கரும்புத் தோட்டத்து நடுவே தகரக் கூரை போட்ட கொட்டகை. சாறு பிழியும் இயந்திரம் ஒரு பக்கம். சக்கை எரியும் அடுப்பின் மேல் ஆள் படுக்கும் அகலத்துக்குக் கொப்பரை. கொதித்த பாகைப் பெரிய மரத்தொட்டியில் ஊற்றித் துழாவுகிறார்கள். ஆறுவதற்குள் நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, கையால் அள்ளி உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர் வெல்லத்தில் விரல் தடம் பதிந்திருக்கும். எல்லோரும் கைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

தொட்டியின் அந்தப் பக்கத்தில், தலையில் துண்டு கட்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கிழவியின் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். இடது சுண்டுவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது. கொழுந்து கிள்ளும் நாளில் சரிந்து விழுந்து உடைந்து, சரியாகக் கூடாத விரல். அந்த விரலை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. யாருடையது என்று மட்டும் உடனே தோன்றவில்லை. மனசு அதைத் தள்ளித் தள்ளி விட்டது. பிறகு அவள் நிமிர்ந்தாள்.

இயந்திரச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அடுத்த உருண்டைக்குப் பாகை அள்ளினாள்.

நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஓடிப் போயிருக்க வேண்டும். நான் செய்தது என்னவென்றால், ஒரு அடி பின்வாங்கி உயரமான ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

தோழி தொட்டி அருகே குனிந்து அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். "இந்த வயசுல இவ்ளோ சூட்டுல உக்காந்து வேலை செய்யறீங்களே. பிள்ளைங்க யாரும் இல்லியா?"

"இருக்காகம்மா. ஒரு மகன், ஒரு மக. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

"பாத்துக்க மாட்டாங்களா?"

"பாக்காம என்ன? நல்லாப் பாத்துக்கிறாக. ஒரு கொறையும் இல்ல." அம்மா உருண்டையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

தோழி என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினாள். பாவம், பிள்ளைகளை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது என்று அதற்கு அர்த்தம்.

எல்லோரும் வெல்லம் வாங்கினார்கள். நானும் வாங்க வேண்டியதாயிற்று. வாங்காமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். ஆலைக்காரர் நிறுத்துக் கொடுக்க, அம்மா காகிதத்தில் பொதிந்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். என் முறை வந்தது. அம்மாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவள் முகத்தில் வேர்வை வழிந்தது, கரும்புச் சாற்று வாடை அடித்தது.

"பாத்துப் புடிங்கம்மா. சூடா இருக்கு" என்றாள்.

என்னைப் பெற்றவள் என்னிடம் 'புடிங்க' என்றாள். நான் "சரிங்க" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. கணவர் வீட்டுக்கு வந்து பழகிய 'ங்க'. அம்மாவிடம் ஒரு நாளும் நான் சொல்லாத 'ங்க'. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் பொட்டலத்தின் சூடு மடியில் இருந்தது. மூணாறு வரும்வரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். வளைவுப் பாதையில் தலை சுற்றுகிறதோ என்று தோழி எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஊர் திரும்பிக் கணவரிடம் மட்டும் சொன்னேன். "ஏம்புள்ள, அம்மான்னு ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு தென்னைக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரம்தான் அகராதிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. 'செலவில் மிஞ்சு' ஏற்கப்பட்டது. இரண்டாவது வாக்கியம் தெளிவாக இல்லை, எதற்கான செலவு என்று வாசகருக்குப் புரியும்படி மாற்றித் தரவும். கணினி முன்னால் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். அண்ணன் செலவில் தங்கையை மிஞ்சினான். எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. மிஞ்சுபவர், மிஞ்சப்படுபவர். யாருக்காகச் செலவு நடந்ததோ அந்த ஆளுக்கு இந்த வினையில் இடமே இல்லை. இலக்கணப்படி அவள் இல்லாமலே வாக்கியம் முழுமையாக நிற்கிறது.

அப்போதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு முந்தியது. "ஒரு முன்னூறு ரூவா அனுப்ப முடியுமாத்தா?" என்று அம்மா கேட்டாள். அவளோடு இருபத்தெட்டு வருடம் ஒரே சரிவில் கொழுந்து கிள்ளியவளின் பேத்திக்குச் சடங்கு, மொய் வைக்க வேண்டும். "முன்னூறு ரூபாயா? அசிங்கமா இருக்கும்மா. விடு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, அம்மா பெயரில் ஒரு மிக்ஸி வாங்கி அந்த வீட்டுக்கே அனுப்பினேன். அண்ணன் அந்தச் சடங்குக்கு என்ன செய்தான் என்று மதினியிடம் விசாரித்தும் கொண்டேன். அம்மா அதன் பிறகு பணம் கேட்கவில்லை.

புதன்கிழமை விடுப்பு போட்டுவிட்டுத் தனியாக மறையூருக்குப் பேருந்து ஏறினேன். ஆலைக்குப் போய்ச் சேரும்போது வேலையாட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தூக்குப்போணியை நகர்த்தி இடம் விட்டாள்.

"வாத்தா. சாப்ட்டியா?"

"ஏம்மா அன்னைக்கு என்னைத் தெரியாத மாதிரி பேசுன?"

"நீ ஆளுக்குப் பின்னால ஒளிஞ்ச. ஒனக்கு அவமானமா இருக்கும்போலன்னு நானும் விட்டுட்டேன்." குற்றம் சாட்டும் குரல் இல்லை. மழை வந்தது, குடை பிடித்தேன் என்பதுபோலச் சொன்னாள்.

அழுதேன். மற்றவர்கள் பார்க்காததுபோல எழுந்து கை கழுவப் போனார்கள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மறையூரில் இருக்கும் சித்திக்கு முழங்கால் வலி, கூடமாட ஒத்தாசைக்குப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வாரம் மூன்று நாள் வருகிறாளாம். எட்டு மாதமாக நடக்கிறது. சித்திக்குத் தெரியும்.

"எதுக்கும்மா? என்ன இல்ல ஒனக்கு?"

"என்னத்த இல்ல? எல்லாம் இருக்கு. கையில ஒரு ரூவா இல்ல. ஒரு டீ குடிக்கணும்னா ஒங்கண்ணன்கிட்ட கேக்கணும். கேட்டா, வீட்லயே பிளாஸ்க்ல இருக்கேம்மாங்கான். நான் பஜார்ல ஒக்காந்து குடிக்கணும்னு நெனைக்கேன். அத எப்படிச் சொல்றது?"

"பென்ஷன் வருதுல்ல?"

"கார்டு அவன்கிட்ட இருக்கு. பத்திரமா வச்சிருக்கான். ரெண்டு தடவ கேட்டேன். எதுக்கு, என்ன வேணும்னு சொல்லு, வாங்கித் தாரேன்னான்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் அதத்தான் சொன்ன."

அடுத்து நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே மாசா மாசம் நான் பணம் அனுப்புறேன். அண்ணன் எவ்வளவு குடுத்தாலும் அதுக்கு மேல ரெண்டாயிரம் நான் குடுக்கேன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இதுலயுமா?" என்றாள். "அடப் பாவி, இதுலயுமா?"

அவள் சொல்லும்வரை நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாகப் பேசியிருந்தது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், அவளிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். "ஒருத்தர விட ஒருத்தர் போட்டி போட்டுச் செலவழிச்சா அதுக்கு நம்ம எஸ்டேட்ல என்னம்மா சொல்லுவாக?"

"வீம்புக்குச் செலவு பண்றதும்பாக. வேற என்ன?" என்று சொல்லிவிட்டுத் தூக்குப்போணியைக் கழுவப் போனாள்.

அதைப் பிறகு அகராதிக்கு அனுப்பிப் பார்த்தேன். ஏற்கவில்லை. மூலச் சொல்லில் பழிப்பு இல்லை, அது வெறும் அளவைச் சொல்கிறது, 'வீம்புக்கு' என்பது கண்டனம் ஆகிவிடுகிறது என்று பதில் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். தேர்தல் செலவைப் பற்றிய ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை மாலை, ஆலையில் வேலை முடிந்ததும் அம்மாவோடு மூணாறு பேருந்தில் ஏறினேன். நடத்துநர் வந்தபோது கைப்பையைத் திறந்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நோட்டை எடுத்து இரண்டு டிக்கெட் வாங்கினாள். சின்ன வயதுக்குப் பிறகு அம்மா காசில் நான் பயணம் செய்தது அன்றுதான். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். அம்மா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். முதலில் அவன் கேட்டது, "யாராச்சும் பாத்தாங்களா?" என்பதுதான். அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஆளுக்குப் பின்னால் ஒளிந்தவள் என்ன திட்டுவது?

"எட்டு மாசமா? நான் தெனம் பாக்குறேன், எனக்குத் தெரியலையே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "கார்டு பீரோவுலதான் இருக்கு. நான் ஒத்த ரூவா எடுக்கல. வேணும்னா பாத்துக்க."

அவன் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா அவனோடு வந்து சேர்ந்த பிறகான மூன்று வருடப் பென்ஷன் அப்படியே கிடந்தது. அவன் ஒருவருக்கும் துரோகம் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அப்படியிருந்தும் எங்கள் அம்மா வெந்த பாகில் கைவிட்டு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மதினிதான் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். கார்டையும் பாஸ்புக்கையும் எடுத்து அம்மா தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாள். "நானும் கேட்ருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்த வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் எழுந்து வந்து இரண்டு தோசை தின்றாள்.

இனி ஆலைக்குப் போக மாட்டாள் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். வெள்ளிக்கிழமை காலை கிளம்பிவிட்டாள். அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், ஏறச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். "மொதலாளி மாதிரி ஜீப்புல வந்து எறங்குனா கூட இருக்கிறவ என்ன நெனைப்பா?" என்று சொல்லிப் பேருந்தில் ஏறிக்கொண்டாளாம். மழைக்காலம் தொடங்கும்வரை போனாள். பிறகு மணிக்கட்டு வலிக்கிறது என்று அவளாகவே நிறுத்தினாள். யாரும் சொல்லி இல்லை.

பழக்கம் முழுக்க விட்டுவிடவில்லை. தீபாவளிக்கு அண்ணன் பட்டு எடுத்தான் என்று மதினி சொன்னதும் என் விரல் கைபேசியில் கடைகளைத் தேட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினேன். அவனும் என்னை அழைத்து, "நீ என்ன எடுக்குற?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினான். இரண்டு பேருக்கும் அந்த அதிர்ச்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இப்போது மாதம் ஒரு நாள் அம்மா தனியாக பஜாருக்கு இறங்குகிறாள். கார்டு போடத் தெரியாது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கியில் வரிசையில் நின்று பணம் எடுக்கிறாள். கூடக் கொழுந்து கிள்ளியவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். சாயங்காலம்தான் வீடு திரும்புகிறாள். என்ன வாங்குகிறாள், யாருக்குக் கொடுக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு முறை போனில் கேட்டுவிட்டேன்.

"செலவாயிருச்சு" என்றாள். பிறகு, மழை எப்படி, மாப்பிள்ளை எப்படி இருக்கார் என்று கேட்டாள்.